அடுத்த வீட்டு அலறல்

பக்கத்து ஃபிளாட்டில் பாத்திரம் சுவரில் மோதி விழுந்தது. கூடவே ஒரு பெண்ணின் அலறல். என் கை தானாக ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் கூட்டியது.

அது அம்மாவிடமிருந்து தொற்றிய பழக்கம். என் சின்ன வயதில் திருவேற்காட்டில் லைன் வீட்டில் குடியிருந்தோம். அடுத்த வீட்டு மல்லிகா அக்காவைப் புருஷன் அடிக்க ஆரம்பித்ததும் அம்மா ரேடியோவைத் திருகுவாள். மற்ற வீடுகளிலும் திருகுவார்கள். வரிசை முழுக்க ஒரே பாட்டு அலறும். அக்காவின் குரல் அதற்குள் அமுங்கிப்போகும்.

"போய்ப் பாரும்மா" என்று அழுவேன்.

"அது அவங்க ஊட்டு விசயம். வாய மூடிகினு சோறு துன்னு."

காலையில் அடிபம்பில் அக்கா வீங்கிய கன்னத்தோடு தண்ணீர் அடிப்பாள். அம்மா குடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்: "நேத்து இன்னா கொழம்பு வெச்ச, மல்லிகா?"

"கத்திரிக்கா கொழம்புக்கா."

அவ்வளவுதான் பேச்சு.

"எதுக்கும்மா இப்ப சவுண்ட ஏத்துற?" என் மகள் கத்தினாள். செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் பக்கத்து ஃபிளாட்டின் பெல்லை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

அலறல் நின்றது. கனத்த காலடி கதவை நோக்கி வந்தது.

டிவியை அணைத்துவிட்டு ஓடினேன். தாழ்ப்பாள் விலகியபோது, மகளைப் பின்னால் இழுத்துவிட்டு, கதவுக்கு நேராக நான் நின்றிருந்தேன்.