ஒரே வீட்டை அறுபது முறை

மாரீஸ்வரியைப் பொறுமைசாலி என்று அவளுடைய எஸ்டேட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கும் ஒரு லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஆறாம் வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து கிள்ளினாள். மகள் தமிழ் மீடியத்தில் படித்து, தபால் வழியில் உளவியலில் எம்.ஏ. முடித்தாள். முப்பத்தாறு வயதில் அவளுக்கு அமைந்தது கள ஆய்வாளர் வேலை. வினாத்தாளோடு யாராவது மலையேறி வந்தால் அதை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு, தங்களுக்கு வேண்டிய பதிலைக் கறந்துவிடும் ஆய்வாளர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அந்த விஷயத்தில் அவளோடு வேலை செய்தவர்கள் பலர் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

போன ஜனவரியில் வந்தது வாசிப்பு பற்றிய ஆய்வு. எஸ்டேட்டில் மாலை நேரத்தில் நர்மதா என்ற ஆசிரியை தமிழ் வாசிப்பு வகுப்பு ஒன்று நடத்துகிறாள். அதற்கு ஆதரவு தரும் அறக்கட்டளை, அந்த வகுப்பு இனியும் தேவையா என்று தெரிந்துகொள்ள விரும்பியது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுக்க வேண்டும். நாலில் மூன்று பேர் தடுமாறாமல் வாசித்துவிட்டால் வகுப்பு நிறுத்தப்படும்.

எஸ்டேட்டில் அறுபது லயங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள். கம்பெனி எல்லா வீட்டுக்கும் தொடர்ச்சியாக எண் எழுதி வைத்திருக்கிறது. அறுநூறு வீட்டுக்கும் போக முடியாது, அறுபது போதும் என்று முடிவானது. பத்துக்கு ஒரு வீடு. எந்த எண்ணில் தொடங்குவது என்பதை மட்டும் குலுக்கல் தீர்மானிக்கும். ஒன்று முதல் பத்து வரை எழுதிய சீட்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். எடுத்தவள் மாரீஸ்வரி. ஒன்று வந்தது. ஆகவே முதல் வீடு, பதினோராம் வீடு, இருபத்தோராம் வீடு என்று ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வரை. பாடநூலில் உள்ள முறைதான். யாரும் ஏமாற்றவில்லை.

அந்த அறுபது வீடுகளில் நாற்பத்தொரு பிள்ளைகள் கிடைத்தார்கள். முப்பத்தாறு பேர் மளமளவென்று வாசித்தார்கள். மாரீஸ்வரிக்கு அதில் சந்தோஷம்கூட இருந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில்தான் வேலுத்தாய் அவளை மடக்கினாள். வேலுத்தாயின் வீடு லயத்தில் ஐந்தாவது. மகன் அஜய் நாலாம் வகுப்பு. தன் பெயரைத் தவிர வேறு எதையும் எழுத்துக்கூட்டத் தெரியாது. நர்மதாவின் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏட்டி மாரி, நோட்டத் தூக்கிட்டு லயம் லயமா நடக்க. எங்க வாசப்படி மட்டும் ஒன் கண்ணுக்குத் தெரியலையோ?"

"ஒங்க வீடு சீட்டுல வரல மதினி."

"சரி, எனக்குத்தான் வரல. பக்கத்து வீட்டுக்கு வந்துச்சா? மொக்கையன் சூப்பர்வைசர் வீட்டுக்குப் போன. மேல லயத்துல யாரு வீட்டுக்குப் போன? அங்கயும் சூப்பர்வைசர். கீழ லயத்துல ஆபீஸ் கிளார்க்கு. அவுக வீட்டு டீயில ஏலக்கா போடுவாகளோ?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரி சிரிக்கவில்லை. கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்பி, "ஒங்க லயத்துல மொத வீடு யாருது?" என்று கேட்டாள். அதற்கடுத்த பெண்ணிடமும் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த எஸ்டேட்டில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. லயத்தின் முதல் வீட்டுக்குப் பக்கச்சுவரிலும் ஜன்னல் இருக்கும். குழாயும் ரோடும் பக்கம். ஒருவருக்கு சூப்பர்வைசர் பதவி வந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முதல் வீட்டுக்கு மாறிவிடும். அவர்களுடைய கட்டிலையும் அண்டாவையும் மற்ற வீட்டுக்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். சிறுமியாக இருந்தபோது மாரீஸ்வரியும் தூக்கியிருக்கிறாள். முதல் வீட்டுப் பிள்ளைகள் வேனில் டவுன் பள்ளிக்குப் போகிறவர்கள், டியூஷன் வைத்திருப்பவர்கள். டப்பாவிலிருந்து சீட்டை எடுத்தபோது இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சீட்டைப் பார்த்தபோது அவளுக்கு எண் மட்டும் தெரிந்தது, லயம் தெரியவில்லை. அவளுடைய முதல் கோபம் தன்மேல்தான் இருந்தது. அது நியாயமானது என்றே நினைக்கிறேன்.

படிவங்களைப் பிரித்து எண்ணினாள். அறுபது வீட்டில் ஐம்பத்துமூன்று, சூப்பர்வைசர் அல்லது ஆபீஸ்காரர் வீடு.

ஆய்வை நடத்திய டின்சி கோட்டயத்துக்காரி, ஆராய்ச்சி மாணவி. தேவிகுளத்தில் வாடகை அறையில் தங்கியிருந்தாள். மாரீஸ்வரி சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"சீட்டு எடுத்தது நீங்க அல்லே, மாரீ? பத்துல ஒரு சான்ஸ். எல்லா வீட்டுக்கும் அது சமமா இருந்தது. வேற என்ன வேணும்?"

"ஒரே ஒரு சீட்டுதான மேடம் எடுத்தோம்? அஞ்சு வந்திருந்தா அறுபதும் அஞ்சாம் வீடு. அறுபது வீடு பாத்தோம்னு எழுதுறீங்க. நாம பாத்தது ஒரே வீட்ட, அறுபது தடவ."

டின்சி படிவக் கட்டை எடுத்து இன்னொரு தடவை புரட்டினாள். பிறகு, "இனி வீடு மாத்தினா, ரிசல்ட் பிடிக்காம நம்மளே மாத்தின மாதிரி ஆகும். அதுவும் நீங்க அந்த எஸ்டேட்காரி. அறக்கட்டளை கமிட்டி அதைத்தான் சொல்லும், பயஸ்னு, ஒரு பக்கம் சாயறீங்கன்னு" என்றாள்.

"பயஸ் என் மனசுல மட்டுந்தான் இருக்குமோ? வீடு கட்டுன வரிசையில இருக்காதோ?"

டின்சி சொன்னது முட்டாள்தனமல்ல. எரிச்சலூட்டுவதே அதுதான். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மாதிரியை மாற்றக் கூடாது என்பது நல்ல விதி. ஆனால் மனிதர்களின் சாய்வை இவ்வளவு கூர்மையாகச் சந்தேகிக்கிறவர்கள், ஒரு பட்டியலை மட்டும் சந்தேகிப்பதே இல்லை. பட்டியலுக்கு உறவுக்காரர்கள் இல்லை என்று நினைக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு ஐம்பத்துமூன்று சூப்பர்வைசர், ஆபீஸ்காரர் குடும்பங்கள் உறவு.

கடைசியில் ஒரு படிவம் வந்தது. வீடுகள் முறைப்படி தேர்வு செய்யப்பட்டன என்று கள ஆய்வாளர் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அறிக்கை கமிட்டிக்குப் போகாது. மாரீஸ்வரி கையெழுத்துக்கு மேலே எழுதினாள்: "முறைப்படிதான் தேர்வு செய்தோம். அறுபதும் லயத்தின் முதல் வீடு. ஐம்பத்துமூன்று சூப்பர்வைசர், ஆபீஸ்காரர் வீடு. கொழுந்து கிள்ளுகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி இந்த ஆய்வுக்கு எதுவும் தெரியாது."

"மாரீ, இது எழுதுற இடம் இது இல்ல."

"அப்ப எதுன்னு காட்டுங்க மேடம். அங்கயும் எழுதுறேன்."

டின்சி புதிய படிவம் ஒன்றை நீட்டினாள். மாரீஸ்வரி அதிலும் அதையே எழுதினாள். மூன்றாவது படிவத்தை டின்சி நீட்டவில்லை. அவளைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் நல்ல வார்த்தை இதுதான்: அந்தத் தாளைக் கிழிக்காமல் அப்படியே அனுப்பினாள்.

விஷயம் எஸ்டேட்டில் பரவியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் மொக்கையன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "எம்மவன் நல்லா வாசிச்சது ஒனக்குப் பொறுக்கலையோ?"

"நல்லாத்தான் வாசிச்சான் அண்ணாச்சி. அவன் ஒருத்தன எல்லாப் புள்ளைகளாவும் எண்ணுறதுதான் பொறுக்கல."

கமிட்டி அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்க வேண்டும், அறுபது லயத்துக்கு அறுபது சீட்டு என்று உத்தரவு. கூடவே, மாரீஸ்வரி அந்த எஸ்டேட்டைச் சேர்ந்தவர் என்பதால் இதில் ஈடுபடக் கூடாது என்றும் எழுதியிருந்தது. தவறைக் கண்டுபிடித்ததே அவள் அந்த எஸ்டேட்டைச் சேர்ந்தவள் என்பதால்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது? வினோ, நிமி என்று இரண்டு புது ஆட்கள் வந்து வீடு வீடாகப் போனார்கள். மாரீஸ்வரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இம்முறை நாற்பத்துநாலு பிள்ளைகளில் பத்தொன்பது பேர்தான் வாசித்தார்கள். வகுப்பு இன்னும் இரண்டு வருடம் நடக்கும் என்று தாள் வந்தது. இறுதி அறிக்கையில் ஓரிடத்தில் "முறையில் சிறு திருத்தம் செய்யப்பட்டது" என்றிருக்கிறது. மாரீஸ்வரியின் பெயர் எங்குமில்லை. அடுத்த ஆய்வுக்கு அவளைக் கூப்பிடவுமில்லை.

வேலுத்தாய்க்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"இந்தத் தடவையும் எங்க வீட்டுக்கு வரலையேட்டி?"

"வரல மதினி. ஒங்க லயத்துல ஏழாம் வீடு வந்துச்சு."

"அப்ப எம்மவனுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஏழாம் வீட்டுப் பையன் வாசிக்க முடியாம நின்னான்ல. அதுல தெரிஞ்சுது."

"அவனா? அவன் நம்ம அஜய விடப் பெரிய மக்குல்லா!"

"மக்குன்னு சொல்லாதீங்க!" மாரீஸ்வரி கத்தியே விட்டாள். "மக்கு இல்ல. சொல்லிக்குடுக்க ஆளு இல்லாம இருந்தான். நாலரைக்கு நர்மதா டீச்சர் வந்துருவா. ரெண்டு பேரையும் அனுப்புங்க."