கைக்குட்டை வைத்த மீன் குழம்பு

எழுபதுகளில், பத்து நிமிடத்தில் சத்தான மீன் சமையல் கற்றுக்கொடுக்க ஒரு டீச்சர் எங்கள் ஊர் வடகரப்பதிக்கு ஜீப்பில் வந்தார். கஞ்சி போட்ட சேலை, மூக்கிலிருந்து எடுக்காத கைக்குட்டை. கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், மீனைத் தொடமாட்டார். அவர் தள்ளி நின்று சொல்லச் சொல்ல, நாங்கள்தான் மத்தியைக் கழுவிக் குழம்பு வைத்தோம். உப்பை மட்டும் அவர் சொல்லவே இல்லை. டீச்சர் சொல்லாமல் நாமாகப் போட்டால் மரியாதையா?

"ஏனுங்க டீச்சர், உப்புப் பாருங்க," என்றேன்.

"ஐயோ, நானா! எல்லாம் சரியாத்தான் இருக்கும். உடம்புக்கு ரொம்ப நல்லதாக்கும்," என்றது கைக்குட்டை.

தின்றோம்.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றோம் அத்தனை பேரும்.

பூரித்துப்போய் அடுத்த ஊருக்குக் கிளம்பினார். எங்கள் மரியாதையால் எத்தனை ஊர் உப்பில்லாமல் தின்றதோ!