பார்க்க வருகிறவர்களுக்காக எடுத்த அறை

பில் கவுன்டரில் கொடுத்த தாளை லிஃப்டிலேயே படித்துவிட்டேன். பெரியத்தாவின் (அத்தா என்றால் எங்களுக்கு அப்பா, இவர் அவருடைய அண்ணன்) குடலிறக்க ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்துவிட்டுக் கையைக் கழுவியிருந்தது. காரணம் என்று ஒரே வரி: தகுதிக்கு மேற்பட்ட அறை. அந்த வரியோடு நாலாம் மாடியில் கதவைத் திறந்தால் உள்ளே பதினேழு பேர். எண்ணித்தான் சொல்கிறேன். நோயாளியான பெரியத்தா சோபாவின் நடுவில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கட்டிலில் ஒரு சுக்குத் தரகர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார். எங்கம்மா மூலையில் கெட்டிலோடு நின்று எல்லோருக்கும் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ரூமை எடுத்தது பெரியத்தாவுக்காக இல்லை. இந்தப் பதினேழு பேருக்காக.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். யாருக்காவது வயிற்றைக் கீறினால் பஜாரே தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டித் தேவரா பக்கம் வந்துவிடும். வராதவன் பெயர் பத்து வருஷம் ஞாபகம் இருக்கும். வருகிறவனை நிற்கவைத்துப் பேசினால் அதைவிட அசிங்கம். அதனால் சர்ஜன் யார் என்று கேட்பதற்கு முன்பே, "சோபா உள்ள ரூம் இருக்கா?" என்று கேட்பார்கள். அன்று காலையில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த சிஸ்டர், கட்டிலில் கிடப்பவர்தான் நோயாளி என்று நம்பித் தரகர் கையில் பட்டையைக் கட்டினார். அவரும் மரியாதையாக நீட்டிக் கொடுத்தார். நூற்று எழுபது. அவருக்கு பிரஷர் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அந்த ரூமால் விளைந்த ஒரே நன்மை அது.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. பாலிசியில் ரூம் வாடகைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் அதிகப்படி வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. வாடகை இரண்டு மடங்கானால் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர், மயக்கம் கொடுக்கும் டாக்டர் என்று எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். ஒரு சோபாவுக்காக எங்கள் குடும்பம் பாதி ஆபரேஷனைத் தன் கையால் செய்துகொண்டது.

இதை நான் சொன்னபோது அத்தா, "இன்சூரன்ஸே கள்ளத்தனம்" என்றார். பதினேழு பேரும் தலையாட்டினார்கள். கம்பெனி யோக்கியம் என்று நானும் சொல்லவில்லை. முப்பத்தெட்டுப் பக்கப் பாலிசியில் அந்த விதியை எறும்பு எழுத்தில் இருபத்தொன்றாம் பக்கத்தில் வைத்திருக்கிறவர்கள் யோக்கியர்கள் இல்லை. ஆனால் எங்களிடம் அதை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அடித்திருந்தாலும் எங்கள் ஆட்கள் சோபா ரூம்தான் கேட்டிருப்பார்கள்.

நான் இதில் இவ்வளவு சூடானதற்குக் காரணம் பெரியத்தாவின் குடல் இல்லை. அம்மாவின் முழங்கால் முட்டு. இரண்டு முட்டும் தேய்ந்துவிட்டன, சீக்கிரமோ தாமதமோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். எங்கள் வீடு அத்தாவின் சாக்குக் கடைக்கு மேல்மாடி. மரப்படி, ஏணியைவிடக் கொஞ்சம் மரியாதையான சரிவு. அம்மா அதில் இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்குவாள். அன்று ஆஸ்பத்திரியில் ஒரு மாமி, "முட்டு வேதன எப்படி?" என்று கேட்டாள். அம்மா கெட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே, "ஒண்ணுமில்ல மாமி, சுகந்தான்" என்றாள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு.

எங்கள் வீட்டுக்குப் பாலிசி கிடையாது. இருக்கிற வியாதிக்குக் காப்பீடு கிடைக்க மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். இன்று சேர்ந்தால் மூன்று வருஷம். அடுத்த பெருநாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்று அத்தா சொல்வதைக் கேட்டால், அந்தப் பெருநாளிலிருந்துதான் மூன்று வருஷம் எண்ண ஆரம்பிக்கும். அன்றே முடிவு செய்தேன், நல்ல பிளானை நான் தேர்ந்தெடுப்பேன் என்று. எம்.காம் படித்தவள் நான். வீட்டில் எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரை வாசிக்கிற ஒரே ஆளும் நான்தான்.

ஒரு வாரம் உட்கார்ந்தேன். பதினொரு பிளான், பத்தொன்பது தலைப்பு, ஒரே எக்செல் ஷீட். எவ்வளவு பெருமை எனக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் வேறு அடித்தேன். விளம்பரத் தாள் எல்லாவற்றிலும் ஒரே குடும்பம்: வெள்ளைச் சட்டை போட்ட அப்பா, பல் தெரியச் சிரிக்கிற அம்மா, புல்வெளியில் ஓடுகிற இரண்டு பிள்ளைகள். இவர்களுக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்றே புரியவில்லை. ஒரு கம்பெனி தினமும் பத்தாயிரம் அடி நடந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறதாம். அம்மாவிடம் சொன்னேன். "பத்தாயிரம் அடி நடக்க முடிஞ்சா நான் எதுக்கு முட்ட மாத்தணும்?" என்றாள். அந்தக் கம்பெனியில் இதைக் கேட்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்கள் அதைவிட மோசம். அந்த உலகத்தில் நோயாளிக்குச் சொந்தக்காரர்களே கிடையாது. தனியாக வியாதி வந்து, தனியாகப் படுத்து, தனியாக ஆப்பில் கிளெய்ம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் போட்ட தலைப்புகளைத்தான் நானும் அப்படியே என் ஷீட்டில் போட்டிருந்தேன். பத்தொன்பது தலைப்பில், பார்க்க வருகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒன்று இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு உறைத்த ஒரே விஷயத்தை வீட்டுக்கு வந்து வண்ணம் அடிப்பதற்குள் மறந்துவிட்டேன்.

ஏஜென்ட் ஒரு சேட்டன் வந்தார். திருப்பூணித்துறைக்காரர். எட்டு மணிக்கு வருகிறேன் என்றால் பத்தரைக்கு வருவார், ஆனால் வந்ததும், "டைம் இல்ல மோளே" என்பார். எங்கள் கடையில் முப்பது வருஷப் பழக்கம் என்பதால் தமிழும் பேசுவார்.

"அம்மச்சிக்கு அசுகம் ஏதும் உண்டா?"

"முட்டு தேஞ்சிருக்கு. சுகர் மாத்திரை ரெண்டு வருஷமா."

பேனாவை மூடி வைத்தார். "முட்டு வேதன இந்தக் கொச்சியில யாருக்குத்தான் இல்ல? அது அசுகமா? எழுத வேண்டாம். எழுதினா பிரீமியம் கூடும்."

"எழுதாம விட்டா நாளைக்கு கிளெய்ம் கிட்டுமா சேட்டா?"

"நாளைக்கல்லே மோளே அது."

இதுதான் அவருடைய முழு ஞானமும். நாளைக்குப் பணம் தருவதற்காகவே இருக்கிற ஒரு பொருளை விற்கிறவர், நாளையை நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். அத்தாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "அனுபவஸ்தர் சொல்றாரு, கேளு புள்ளே" என்றார். நான் ஏஜென்டுக்குச் சாயா கொடுத்து அனுப்பிவிட்டேன். படிவத்தை நேரடியாகக் கம்பெனி தளத்திலேயே நிரப்பிக்கொள்வது என்று தீர்மானம்.

பதினொன்றை இரண்டாகக் குறைத்தேன். முதல் பிளானில் சாதாரணத் தனி அறை வரைக்கும்தான். ஆனால் காப்பீட்டுத் தொகை பெரியது, இரண்டு முட்டுக்கும் தாங்கும். இரண்டாவதில் எந்த அறையும் எடுக்கலாம், சோபா என்ன, ஊஞ்சலே இருந்தாலும் எடுக்கலாம். ஆனால் அதே பிரீமியத்துக்குத் தொகை பாதிதான், அதற்கு மேல் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு நம் கையிலிருந்து. அத்தாவிடம் இரண்டையும் விளக்கினேன்.

"ரெண்டாவது" என்றார், யோசிக்கவே இல்லை.

"ஒரு முட்டுக்குத்தான் காணும் அத்தா."

"உங்கம்மாக்கு ஆபரேஷன்னா யாரெல்லாம் வருவாங்க தெரியுமா? பாலக்காட்டுலேர்ந்து அவ ஆளுங்க ஒரு வேன் வரும். அவங்கள வராந்தாவுல நிறுத்தச் சொல்றியா? என் மானம் என்னாவுறது?"

அதாவது அத்தாவின் மானத்துக்கு அம்மாவின் இடது முட்டு. வலதை வேண்டுமானால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நாங்கள் இரண்டு பேரும் கடைக்குள் நின்று அரைமணி நேரம் கத்தினோம். சாக்கு எடுக்க வந்தவர்கள் கூட எங்களில் யார் பக்கம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனார்கள்.

மேலே போனேன். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அயிலை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஷீட்டை போனில் காட்டி, "உனக்கு எந்த மாதிரி ரூம் வேணும்மா?" என்றேன்.

அவள் ஷீட்டைப் பார்க்கவில்லை. "யாரும் உள்ள வரக்கூடாதுன்னு எழுதியிருக்க பாலிசி இருக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கர்ப்பப்பை எடுத்தப்ப நீ காலேஜ்ல படிச்சிட்டிருந்தே. மூணாம் நாளு. வயித்துல தையல் காயல. உங்க பெரியம்மாவும் அவங்க சம்பந்தி வீட்டு ஆளும் வந்தாங்க. உக்கார எடமில்ல. நான் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் நின்னுகிட்டேன். உங்கத்தா என்கிட்ட கேக்குறாரு, சக்கரை டப்பா எந்தப் பையில இருக்குன்னு." மீனைப் புரட்டிப் போட்டாள். "நாலு நாளு கதவச் சாத்திட்டுக் கெடக்கணும். பாத்ரூமு இருந்தாப் போதும். சோபா இருந்தா எடுத்து வெளிய போடச் சொல்லு."

அந்த மூன்றாம் நாள் நானும் போயிருந்தேன். காலேஜிலிருந்து நேராக வந்து, பசியில் யாரோ கொண்டுவந்த பழம்பொரியைத் தின்றேன். எங்கே உட்கார்ந்து தின்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். கட்டிலில்தான்.

முதல் பிளான். முடிந்தது. ஒரு வாரமாகப் பத்தொன்பது தலைப்பில் கிடைக்காத விடை, மீன் நறுக்குகிற இடத்தில் அரை நிமிஷத்தில் கிடைத்தது. அத்தாவிடம், "அம்மா சொல்லியாச்சு" என்று மட்டும் சொன்னேன். அவர் மேலே பார்த்தார், பிறகு சாக்குக் கட்டைப் பார்த்தார். "வர்றவங்களுக்கு நீயே பதில் சொல்லிக்கோ" என்றார். சொல்லிக்கொள்கிறேன். மூன்று வருஷம் இருக்கிறது, பாலக்காட்டுக்கு ஒரு ஒழுங்கான பதில் தயார் செய்ய.

படிவத்தில் முட்டு, சுகர், கர்ப்பப்பை எல்லாவற்றையும் எழுதினேன். பிரீமியம் ஏறியது. ஏறட்டும். ஆனால் இன்னும் ஒரு படி மிச்சம். கம்பெனி டாக்டர் அம்மாவுக்கே போன் செய்து கேள்வி கேட்பாராம். அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்களாம். எழுதியது ஒன்று, சொன்னது ஒன்று என்றால் மூன்று வருஷம் கழித்து அதே பதிவை எடுத்து நம் மூஞ்சியில் போடுவார்கள். எந்த பாஷையில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தமிழ் என்று போட்டேன். மலையாளத்தில் அம்மா இன்னும் மரியாதைக்காரி.

மத்தியானம் ஒத்திகை பார்த்தோம். நான் டாக்டர்.

"வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"சுகந்தான் டாக்டர்."

"முட்டு வலி இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வயசாகுதுல்ல."

"எம்மா."

"என்னடீ? முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட எடுத்த எடுப்புல வலிக்குதுன்னா சொல்லுவாங்க? அவரு என்ன நெனப்பாரு?"

ஏழு தடவை பார்த்தோம். ஏழு தடவையும் சுகந்தான். எட்டாவது தடவை, "கொஞ்சம் வலி உண்டு" வரைக்கும் வந்தாள். வந்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் சுகந்தானே?" என்று டாக்டரையே விசாரித்தாள்.

போன் நாளைக்குப் பதினொரு மணிக்கு. அத்தா பக்கத்தில் இருந்தால் ஏஜென்ட் சொல்லிக்கொடுத்ததை எடுத்துக்கொடுப்பார். அதனால் நாளைக் காலை கும்பளங்கியில் நல்ல கரிமீன் வருகிறது என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது. பத்து மணிக்குள் கிளம்பிவிடுவார். கதவைச் சாத்திவிட்டு போனை ஸ்பீக்கரில் போடுவேன். அதற்கு முன்னால் அம்மாவை அந்த மரப்படியில் ஒரு தடவை ஏறி இறங்க வைக்கப் போகிறேன். பிறகு உட்காரக்கூட விடாமல் போனைக் கையில் கொடுப்பேன். அந்த மூச்சோடு பேசினால் ஒருவேளை அவள் வாயிலிருந்து உண்மை வரலாம்.