பேட்ஜ் குத்திய பைகள்

பை தைக்கிற தொழிலில் கெட்ட பெயர் வாங்க முன்பெல்லாம் ஒரு ஜிப் போதும்; இப்போது பேட்ஜும் சேர்ந்துகொண்டது. தண்டையார்பேட்டையில் என் கடை. பையின் முன்பக்கத்தை வெட்டி, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வைத்துத் தைத்துத் தரச் சொல்கிறார்கள். உள்ளே அவரவருக்குப் பிடித்த கார்ட்டூன் நாயகனின் பேட்ஜ், பொம்மை, சாவிக்கொத்து எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். மிஷின் மிதித்துப் பிழைக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

எவன் அவன்?

ராயபுரத்து ஜெனிபர் தன் பையைத் தைக்கக் கொடுத்துவிட்டுக் காலேஜுக்குப் போயிருந்தாள். அவளுடைய அப்பா, விசைப்படகில் போகிறவர், மூச்சிரைக்க வந்தார். “எவனோ ஒருத்தன் போட்டோவ பையில குத்திக்கினு சுத்துறாளாமே? கோயிலாண்ட அல்லாரும் பேசுறாங்க. எந்த ஏரியா பையன்மா அவன்? நாளையிலேர்ந்து காலேஜ் கட்டு!”

பையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஊதா முடி, கன்னத்தில் நட்சத்திரம், முகத்தில் பாதிக்குக் கண். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“படமா? நல்லா இறுக்கித் தைச்சுக் குடும்மா. இவனாவது வூட்டாண்ட வந்து நிக்க மாட்டான்.”

சோத்துப்பை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் செல்வம் அண்ணன் சாப்பாட்டுப் பையையும் ஒரு பேட்ஜையும் நீட்டினார். பேட்ஜில் கரண்டி பிடித்த குண்டு சமையல்காரன். மூடிக்கு உள்பக்கம், வெளியே தெரியாமல் வைக்கச் சொன்னார்.

“பொண்ணுக்காண்ணே?” என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அந்தச் சமையல்காரன் வரும் கார்ட்டூன் தொடரை மகளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர். அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போனபின் தனியாகவே பார்க்கிறார். வீட்டில் சொன்னால் அண்ணி சிரிக்கிறாராம். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மீதியைச் சொன்னார்.

“போன வாரம் கதையில இவன கொன்னுட்டானுங்கமா. யாராண்ட சொல்லி அழுவுறது? அதான், எங்கூட சோறு துண்ணட்டும்னு.”

மழைக்குப் பிறகு

சடையங்குப்பத்து சரண்யா மணலியில் வேலைக்குப் போகிறவள். அவள் பையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா கன்னியம்மாவுக்கு என் மேல்தான் கோபம். “கலீஜா கீது. நீ தைச்சுக் குடுக்கறதாலதான் ஆடுறா” என்று கடை வாசலிலேயே திட்டியிருக்கிறார்.

மழையில் அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. இடுப்பளவு தண்ணீரில் சரண்யா அந்தப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாளாம். தண்ணீர் வடிந்ததும் பையோடு வந்தது கன்னியம்மாதான். மழையில் நனைந்து பேட்ஜெல்லாம் துருப்பிடித்து, பிளாஸ்டிக் கிழிந்து தொங்கியது. புதுசாகப் போட்டுத் தரச் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நீங்கதானேக்கா வேணாம்னு திட்டுவீங்க?”

“வூடே முழுவுனாலும் அவ இத்த மட்டும் வுட மாட்டான்னு எனக்குத் தெரியும். அதான் வூட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, அவ சர்டிபிகேட்டு அல்லாத்தையும் கவர்ல சுத்தி இதுக்குள்ள வச்சேன்.”

பை உழைக்குமா என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டாதே என்றுதான் கேட்கிறார்கள்.