மாமா சொன்ன சாட்சி

மக்களே, உங்கள் அம்மாவின் அண்ணன் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை; வெள்ளறடை ஊரில் அவருக்கு ஷேவ் பண்ணுகிறவர். கத்தியை நிறுத்தி, தாடைக்குக் கீழே விரலால் அழுத்தி, "அண்ணே, இது வலிக்குதா?" என்றார். வலி இல்லாததால் மாமா அதோடு சில மாதம் ஆட்டோ ஓட்டினார். பிறகு திருவனந்தபுரத்தில் தொண்டைப் புற்றுநோய் என்றார்கள். ஸ்டாண்டில் யார் பீடி பற்றவைத்தாலும் பிடுங்கி எறிகிற மனிதர் அவர். "எலே, ஒளிச்சு பீடி வலிச்சிருக்கான் பாத்தியா" என்று ஸ்டாண்டே சிரித்தது.

டாக்டர் சொன்ன காரணம் வேறு. எச்.பி.வி. என்கிற வைரஸ். உடலுறவில் பரவும், வாய்வழி உறவில் தொண்டைக்கும் போகும். பலருக்கு வந்து தானே போய்விடும், சிலருக்குத் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றாகும். அப்பாவுக்கு இதை உங்களுக்கு எழுத நாணமாகத்தான் இருக்கிறது, எழுதாமல் விடவும் மனசில்லை. கேட்டதும் மாமியின் முகம் கறுத்தது. திரும்பும்போது என் ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு ஓரத்தில் இருந்தார்கள். அதன்பின் மாமி சோறு போட்டார், பேசவில்லை. நோயைவிட மாமா பயந்தது அதற்குத்தான்.

அடுத்த முறை மாமி டாக்டரிடம் நேராகவே கேட்டார், இது யாரிடமிருந்து வந்தது என்று. யாரிடமிருந்து, எப்போது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது, இதை வைத்து யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது என்றார் அவர். மாமி மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அப்பம் இத வச்சு நான் சண்ட போடப்பிடாது. செரி, சண்டைக்கு வேற காரியம் நெறய உண்டு."

அன்று திரும்பும் வழியில் பாறசாலை தாண்டும்வரை மரச்சீனிக் கிழங்கு விற்ற விஷயத்தில் இருவரும் சண்டை. எனக்கு உயிர் வந்தது.

சிகிச்சை முடிந்து மாமா தேறினார். நோயிலிருந்து எழுந்தவர் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்வது நம் சர்ச் வழக்கம். பீடிக்கு மன்னிப்புக் கேட்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மாமா கரகரத்த குரலில், "பீடியில்ல, வைரசாக்கும். கெட்டுன மனுசனுக்கும் பெண்டாட்டிக்கும் எடையிலயும் வாறது. அது வாறதுக்கு முன்னால போட ஊசி உண்டு. பொம்பளப் பிள்ளைக்கு மட்டுமில்ல, ஆம்பளப் பிள்ளைக்கும்" என்றார். போதகர் மின்விசிறியைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து மாமி, "சத்தமா சொல்லுங்க, பொறத்த கேக்கல்ல" என்றதும் சபையே சிரித்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி பற்றிக் கேட்டதும் நர்ஸ் மலையாளத்தில், "மோள்க்கல்லே?" என்றார், மகளுக்குத்தானே என்று.

"மோனும் உண்டு" என்று மகள், மகன் என உங்கள் இருவர் பெயரையும் கொடுத்தேன்.