ஆவணியில் பாலைவனத்துக்குப் போக ஆசைப்பட்டவர்

யோகண்ணையின் மனைவி வசந்தி அக்கா தொலைபேசியில் என் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலையில் நின்றேன். இரைச்சலில் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன். "அண்ணை எங்களை விட்டுட்டுப் போயிட்டார், தம்பி" என்றார் பிறகு. காலையில் தேத்தண்ணி கேட்டாராம். கொண்டு வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டதாம். இந்த ஆவணியில் யோகண்ணையும் நானும் குவைத்துக்குப் போவதாக இருந்தோம்.

ஜேர்மனியின் ஹம் நகரில், இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரைத் தொழிற்சாலையிலும் கோவில் தேரிலும் கண்டிருப்பீர்கள். எனக்கு அவர் தலையில் ஈரத்துவாயுடன் மொட்டைமாடியில் நிற்பவர். ஜேர்மனிக்கு வருமுன் குவைத்தில் இருவரும் ஏசி கழுவினோம். புழுதிக்காற்று அடித்து ஓய்ந்தால் வெளிப்பெட்டியின் கொயிலில், அந்த மெல்லிய தகட்டு அடுக்கில், தூசி கம்பளிபோல் படிந்துவிடும். பிறகு வீட்டுக்குள் காற்று வரும், குளிர் வராது.

முதல் பெட்டிக்கு இருவருமாக வெளிப்பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினோம். தூசி முழுவதும் தகடுகளுக்குள் போய்ச் சேறாகி இறுகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. யோகண்ணையோ, "மண் குழைச்சாச்சு. இனி சுவரெழுப்பி வாசல் வைச்சுக் குடிபுகுவம், வா" என்றார். மூடியைக் கழற்றி உள்ளேயிருந்து வெளியே அடித்தபோதுதான் சேறு கழன்றது.

வேலை முடிந்ததும் வீட்டாரின் கதவைத் தட்டி, தெரிந்த அரபியில் "குளிருதோ?" என்று கேட்பார். ஆமென்று ஒருவர் சொல்லும்வரை நகரமாட்டார். மேற்பார்வையாளர் கீழே நின்று கத்துவார். இவருக்குக் காதே கேட்காது. ஒரு வீட்டில், வியர்க்குருவால் விடாமல் அழுத குழந்தை குளிர்காற்றுப் பட்டதும் தாயின் தோளிலேயே உறங்கிப்போனது. சத்தம் போடவேண்டாமென்று தாய் கைகாட்டினாள். யோகண்ணை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஹம்மில் அவர் செய்த கூத்தைச் சொல்லாமல் விட ஏலாது. பக்கத்து வீட்டு ஜேர்மன் கிழவியின் சுவரோரம் ஏசிப்பெட்டி போல ஒன்று. அதன் கொயில் முழுக்க மரங்களிலிருந்து பறந்துவந்த பஞ்சு. மனுசனுக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு மேலால் குழாயை நீட்டிக் கழுவிவிட்டு, கதவைத் தட்டி, குளிருதா என்று கேட்டிருக்கிறார். அது வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்! பொலிசைக் கூப்பிடுவேன் என்றாளாம் கிழவி. "சூட்டுக்கும் ஒரு பெட்டி வைச்சிருக்கிறாளடா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் சொன்னார்: "அங்கை வெயில் எங்களைத் திண்டதுதான், தம்பி. ஆனா எங்களைக் கண்டா ஒரு வீடே சந்தோசப்படும். இஞ்சை ஆர் எங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம்?" அன்றுதான் போவதென்று முடிவெடுத்தோம். "உலகமே வெயிலுக்குப் பயந்து ஓடுது, இந்த மனுசனுக்கு ஆவணியிலை பாலைவனம் பாக்கவேணுமாம்" என்று அக்கா தலையிலடித்தார். "மார்கழியிலை போனா ஏசி ஓடாதப்பா" என்றார் அவர்.

தகனம் முடிந்து ரயில் நிலையத்துக்குக் கிளம்பியபோது அக்கா என் கையைப் பிடித்தார். "நீங்களாவது குவைத்துக்குப் போயிட்டு வாங்கோ. அந்தாளின்ரை ஆசை."

எனக்கு அந்த வெயில்மேல் என்ன ஆசை? அந்த மனுசனோடு அங்கே ஒருமுறை நிற்கவேண்டுமென்றுதான் இருந்தேன். அவர் எனக்கு விட்டுப்போனது, அவரோடு போகமுடியாமல் போன அந்தத் தவிப்பு ஒன்றுதான். அதைப் போய்த் தீர்த்துவிட்டு வரவும் மாட்டேன், ஒருவருக்கும் கொடுக்கவும் மாட்டேன். யோகண்ணை, தனியப் போய் அங்கை நான் ஆரைப் பாக்கிறது?