அழியாத கோடுகள்

மானாம்பதி ஏரிக்கரைக் குடியிருப்பில் செங்கேணியைப் போல வீட்டை வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. கூலிக்கு நாற்று நடுபவள்தான். ஆயினும், வந்தவர் கண்ணில் குப்பை என்று ஒன்று பட விடமாட்டாள்.

1958ஆம் ஆண்டு தை மாதத்தில், அங்கிருந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கு வீடு கட்டித்தரச் சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் சந்தானம் வந்தார். அவருடைய அலுவலகத்தின் வழக்கமே வேறு. வரைபடம் போடுமுன், சுவர் வரவேண்டிய இடங்களில் தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, மேலே ஓலைப்பந்தல் போடுவார்கள். ஒரு குடும்பம் மூன்று நாள் அதற்குள் புழங்கவேண்டும். இடம் போதாவிட்டால் கோடு மாறும்.

இதற்குச் செங்கேணியின் குடும்பம் அமைந்தது. அவள் நான்கு ஆடுகளையும் விறகுக் கட்டுகளையும் உரலையும் அடுத்த வீட்டுச் சொக்கம்மாளிடம் ஒப்படைத்தாள். கோட்டை மிதிக்காமல், வாசலென்று விட்டிருந்த இடைவெளி வழியாகவே போய்வந்தாள். சந்தானம் நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை அவர் சொன்னார்: "இடம் தாராளமா இருக்கு. பின்பக்கத் தாழ்வாரம் வேண்டாம். பன்னிரண்டு வீட்டுக்கும் இதே அளவு. நாளைக்கு அஸ்திவாரம் தோண்டிடலாம்."

அவர் போனதும் செங்கேணியின் கணவன் முனியன் கேட்டான்: "ஆட்ட எங்க கட்டுவ? உன் தலமேலயா?"

"பட்டணத்து ஐயா எதிர்ல புழுக்கையில குந்திக்கினு சோறு துன்னச் சொல்றியா?"

அங்கே வந்த சொக்கம்மாளும் விடவில்லை. "ஐயா ஊருக்குப் பூடுவாரு. உன் பவுசுக்காவ எங்க வெறகும் மழையில நனையணுமா?"

செங்கேணிக்கு, மற்றப் பதினொரு குடும்பங்களின் வீடும் தன்னால் கெட்டுவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

விடிந்ததும், கடப்பாரையுடன் நின்ற ஆட்களைத் தாண்டிப்போய்ச் சந்தானத்தின் எதிரில் நின்றாள்.

"ஐயா, நீங்க பாத்தது எங்க பொழப்பு இல்ல. ஆடு, வெறகு, நெல்லு குத்துற ஒரலு, அல்லாம் சொக்கம்மா வூட்ல கீது. வந்தவங்க பாக்கக்கூடாதுன்னு ஒளிச்சுட்டேன்."

திட்டு விழும் என்று தலை குனிந்தாள். அவரோ நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நாள் பூரா நாற்காலியைப் போட்டுண்டு ஒருத்தன் பார்த்துண்டே இருந்தா, யாரும்மா இயல்பா இருப்பா? தப்பு என்னோடது. எல்லாத்தையும் கொண்டுவந்து வெச்சுக்கோ. மூணு நாள் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். ஒண்ணே ஒண்ணு, கடைசி நாள் பெருக்காதே."

தோண்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். நான்காம் நாள் அவர் வந்தபோது எங்கும் புழுக்கையும் சாம்பலும் உமியும் கிடந்தன. செங்கேணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஒருதபா பெருக்கிடட்டுமா ஐயா?"

"தொடப்பத்தைத் தொடாதே!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தெருப்பக்கம் சுண்ணாம்பு போட்டபடியே இருந்தது. பின்னால், ஏரிப் பக்கத்துக் கோடு மட்டும் மனிதர் காலும் ஆட்டுக் காலும் பட்டு அடியோடு அழிந்துபோயிருந்தது. பன்னிரண்டு வீடுகளுக்கும் அந்தப் பக்கமே பெரிய வாசலும் அகன்ற தாழ்வாரமும் வைத்துக் கட்டினார்கள்.